கரிசலில் ஈரத்தைப் பிடித்து வைப்பது எப்படி? இந்த வருடம் சோளம் போடப் போகிறேன்

வைப்பாற்றங்கரை | ஏப்ரல் 16, இரவு 9.40

வணக்கம். விளாத்திகுளம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல் காடு, முழுக்க மானாவாரி. கிணறு கிடையாது. போர் போட்ட இரண்டு இடத்திலும் உப்புத் தண்ணீர். அப்பாவுக்கு முடியாமல் போனதால் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தேன். ஊரே மக்காச்சோளம் போடுகிறது என்று நானும் அதையே போட்டேன்.

போன வருடம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் குறையே இல்லை. பயிர் ஆள் உயரம் நின்றது. மார்கழியில் ஒரு சொட்டு விழவில்லை. மணி பால் பிடிக்கிற நேரத்தில் இலை சுருள ஆரம்பித்தது. பத்தே நாளில் தட்டை காய்ந்து காற்றில் சலசலத்தது. கதிரை உரித்தால் நுனியில் பாதிக்கு மணியே இல்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் வெள்ளைச் சோளம் போட்டிருந்தார். அதே மண், அதே மழை. அவருக்கும் இலை சுருண்டது, ஆனால் காயவில்லை, விளைச்சல் எடுத்துவிட்டார். போய்க் கேட்டால், "பெஞ்ச மழைய நீ எங்கடா வெச்சிருந்த?" என்கிறார். அவர் சொன்னது பாதிதான் புரிந்தது. மீதியை இங்கே கேட்கிறேன்.

கரிசல்காட்டான் | ஏப்ரல் 16, இரவு 10.25

தம்பி, பெரியவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். போன வருட மக்காச்சோளக் கட்டை இன்னும் நிற்கும். அதை ஒட்டி மூன்று இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, வேர் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ரகம், உரம், மருந்து எல்லாம் அப்புறம் பேசலாம்.

இன்னொன்று. மூன்றரை அடிக்கு ஒரு இரும்புக் கம்பி வெட்டி, மேலே குறுக்காக ஒரு கைப்பிடி வெல்டிங் வைத்துக்கொள்ளுங்கள். நுனி கூராக வேண்டாம், மழுங்கலாகவே இருக்கட்டும். நல்ல மழைக்கு மறுநாள் காட்டில் நின்று அழுத்தினால், ஈரம் இருக்கும் வரை இறங்கும். காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். எத்தனை அங்குலம் இறங்கியதோ அதுதான் உங்கள் பாஸ்புக்.

ஐம்பது குதிரை | ஏப்ரல் 17, காலை 6.10

வேர் படுத்திருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் டிராக்டர் ஓட்டுகிறவன், இந்தப் பக்கத்துக் காடெல்லாம் எனக்குத் தெரியும். மண்ணை மாவாக அரைக்கிற ரொட்டவேட்டர் வருடம் இரண்டு முறை ஓடிய காட்டில் அரை அடிக்குக் கீழே சிமெண்டுத் தரைதான்.

உடனே டிராக்டர்காரனைத் திட்ட வராதீர்கள். காடு சலித்த மாவு மாதிரி இருந்தால்தான் காட்டுக்காரருக்கு மனசு ஆறுகிறது. ஐந்து கொத்துக் கலப்பையில் கட்டி கட்டியாகப் புரட்டிப் போட்டால், "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று வாடகையில் நூறு ரூபாயைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் | ஏப்ரல் 17, காலை 11.30

(பெயரைப் பார்த்துவிட்டு யாரும் கேலி செய்ய வேண்டாம். மண் படித்து, மண் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கறிக்கு உதவாது என்பதை நானே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன்.)

ஒரு கணக்கு. ஒரு ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி எட்டு வந்து ஊற்றிவிட்டுப் போவதற்குச் சமம். உங்கள் நாலு ஏக்கருக்கு முப்பதுக்கு மேல். ஒரே மாலையில் வந்து நிற்கிற இத்தனை லாரியில் எத்தனை லாரித் தண்ணீரை ஓடைக்கு அனுப்பினீர்கள்? பெரியவர் கேட்டது அதைத்தான்.

நல்ல கரிசல் ஒரு மீட்டர் ஆழத்துக்கு, பயிர் எடுக்கக்கூடிய ஈரமாகவே 150 முதல் 200 மி.மீ. வரை பிடித்து வைக்கும். செம்மண்ணுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதாவது தொட்டி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தொட்டிக்குள் தண்ணீர் போகிறதா, போனதை வேர் எட்டிப் பிடிக்கிறதா, நடுவில் வெயிலுக்கும் களைக்கும் எவ்வளவு போகிறது, இந்த மூன்றுதான் கேள்வி. மக்காச்சோளமா சோளமா என்பது நாலாவது. 1910-களில் அமெரிக்காவில் கொலராடோ பக்கம் பயிர்களைத் தொட்டியில் வளர்த்து அளந்தார்கள். ஒரு கிலோ உலர்ந்த தாவரப் பொருள் உருவாகச் சோளத்துக்கு 322 லிட்டர், மக்காச்சோளத்துக்கு 368, கோதுமைக்கு 513 என்று வந்தது. பார்த்தால் சோளத்துக்கும் மக்காவுக்கும் பெரிய இடைவெளி இல்லை. சோளத்தின் சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது: தண்ணீர் இல்லாவிட்டால் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும், மழை வந்தால் விட்ட இடத்தில் தொடரும். மக்காச்சோளம் பூக்கிற பத்துப் பதினைந்து நாளில் வாடினால் போச்சு, அப்புறம் மழை வந்து பயனில்லை.

வைப்பாற்றங்கரை | ஏப்ரல் 20, மாலை 7.05

மூன்று குழி வெட்டினேன். கைத்தோல் உரிந்ததுதான் மிச்சம் என்று நினைத்தேன், அப்புறம்தான் பார்த்தேன்.

மேலே ஐந்தாறு அங்குலம் பொலபொல என்று வந்தது. அதற்குக் கீழே மண்வெட்டி "ணங்" என்றது. கடப்பாரையால் குத்தி எடுத்த கட்டி தகடு தகடாகப் பிரிந்தது. மக்காச்சோள வேர் அந்தத் தகடு வரைக்கும் நேராக இறங்கி, அங்கே சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி மடங்கி, இரண்டு பக்கமும் படுத்தே போயிருக்கிறது. ஒரே ஒரு வேர் மட்டும் பழைய வெடிப்பு ஒன்றில் நுழைந்து இரண்டடிக்குக் கீழே போயிருந்தது.

ஒன்றரை அடிக்குக் கீழே மண்ணை எடுத்துப் பிடித்தால் லேசாகக் குளிர்ச்சி. சித்திரை வெயிலில்! பயிர் செத்தபோது அதற்கு ஒரு அடிக்குக் கீழே தண்ணீர் இருந்திருக்கிறது. அன்றைக்குச் சாப்பிடவே பிடிக்கவில்லை.

அந்தத் தகட்டை உடைக்க என்ன செய்வது?

கரிசல்காட்டான் | ஏப்ரல் 20, இரவு 8.15

"அகல உழுகிறதை ஆழ உழு" என்று சும்மாவா சொன்னார்கள். உளிக் கலப்பை போடுங்கள். ஒன்றரை அடி இடைவெளியில், ஒன்று ஒன்றேகால் அடி ஆழத்துக்குக் கீறிக்கொண்டு போகும். மண்ணைப் புரட்டாது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். ஒரு திசையில் போட்டுவிட்டு, அதற்குக் குறுக்காக இன்னொரு திசையில் போட வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கிடைக்கும், உழவன் செயலியிலேயே பதியலாம்.

மண் காய்ந்து கிடக்கும்போது போட வேண்டும். இதை மறக்காதீர்கள். ஈரத்தில் போட்டால் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி ஒரு கோடு விழும், அவ்வளவுதான். காய்ந்த மண்ணில்தான் தகடு சிலும்பி உடையும்.

ஏட்டுச் சுரைக்காய் | ஏப்ரல் 20, இரவு 9.50

ஒரு சின்ன மறுப்பு. ஆழக் கரிசலுக்கு உளிக் கலப்பை எப்போதும் தேவை என்று சொல்லிவிட முடியாது. இந்த மண் காய்ந்தால் தானே வெடிக்கிறது, நனைந்தால் தானே மூடுகிறது. வருடத்துக்கு ஒரு முறை தன்னைத் தானே உழுதுகொள்கிற மண் இது. கோடையில் மூன்றடி ஆழ வெடிப்பை நீங்களே பார்த்திருப்பீர்கள். இவருக்குக் குழியில் தகடு தெரிந்ததால் போடட்டும். பக்கத்துக் காட்டுக்காரர் குழி வெட்டாமலே போட்டால், டீசல் செலவுதான்.

ஐம்பது குதிரை | ஏப்ரல் 21, காலை 5.55

ஐயா சொல்வது சரி. ஆனால் உளி மாட்டினால் என் வண்டி மூச்சு வாங்கும், டீசல் தண்ணீராக ஓடும். வாடகை கூடக் கேட்டால் கோபப்படக் கூடாது. முதலில் கோடை மழை ஒன்று விழுந்து, மண் திரும்பக் காய்ந்ததும் வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். எவரும் காத்திருக்க மாட்டார்கள்.

செவக்காட்டுக்காரி | ஏப்ரல் 21, மதியம் 2.20

தருமபுரி பக்கம் எங்களுக்குச் செம்மண். ராகியும் சாமையும் போடுகிறோம். நீங்கள் எல்லாம் ஆழம் ஆழம் என்று பேசுவதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. எங்களுக்கு இரண்டடியில் பாறை. ஒரு மழை அடித்து ஓய்ந்ததும் மேலே பொருக்கு கட்டிவிடும், அடுத்த மழை கூரையில் விழுந்த மாதிரி வழிந்து ஓடும். ராகி முளை அந்தப் பொருக்கைத் தூக்க முடியாமல் கழுத்து வளைந்து கிடக்கும்.

எங்களுக்குக் கைகொடுத்தது கரம்பை. ஏரி வற்றினால் வண்டல் எடுத்து வந்து கொட்டுவோம். கொட்டின பாகமும் கொட்டாத பாகமும் வரப்பில் நின்று பார்த்தாலே தெரியும். மழை விட்டு எட்டாம் நாள் கொட்டாத பக்கம் இலை தொங்கும், கொட்டின பக்கம் இன்னும் நாலைந்து நாள் தாங்கும். அப்புறம் வரிசைக்கு நடுவில் காய்ந்த செத்தையைப் பரப்புவோம். நீங்களும் மூடாக்குப் போடலாமே? தட்டையைக் காட்டிலேயே விட்டால் வெயில் மண்ணைத் தொடாது.

எட்டயபுரத்து மாடு | ஏப்ரல் 21, மதியம் 2.48

தட்டையைக் காட்டில் விடுவதா! அக்கா, இந்தப் பக்கம் பாதிப் பேர் சோளம் போடுவதே தட்டைக்காகத்தான். எனக்கு ஆறு மாடு, நாலு எருமை. மாசியிலிருந்து ஆடி வரைக்கும் அவை எதைத் தின்னும், மூடாக்கையா?

செவக்காட்டுக்காரி | ஏப்ரல் 21, மாலை 4.10

மாட்டுக்குப் போக மிச்சத்தைச் சொன்னேன் தம்பி. அடிக்கட்டை ஒரு சாண் உயரத்துக்கு விட்டு அறுத்தாலே காற்றும் வெயிலும் கொஞ்சம் தடைபடும்.

எட்டயபுரத்து மாடு | ஏப்ரல் 21, மாலை 4.31

ஒரு சாண் விடலாம். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

சோலாப்பூர் லாரி | ஏப்ரல் 22, இரவு 11.15

நான் வண்டியோட்டி. வாரம் ஒரு முறை சோலாப்பூர் போய் வருகிறேன். ஊர் சாத்தூர் பக்கம், அப்பா சோளம் போட்டவர். அங்கே கரிசல் நம் கரிசலை விடக் கறுப்பு. அவர்கள் ஜோவார், அதாவது சோளம், புரட்டாசியில் விதைக்கிறார்கள், அதற்கப்புறம் மழையே கிடையாது. தை, மாசியில் அறுக்கிறார்கள். மால்தண்டி என்று ஒரு சோளம், மணி முத்து முத்தாக இருக்கும். மழையில்லாமல் விளைகிற பயிரை முதல் தடவை பார்த்தபோது நம்பவே முடியவில்லை. அதையே இங்கே போட்டால் என்ன?

ஏட்டுச் சுரைக்காய் | ஏப்ரல் 23, காலை 10.05

அருமையான கேள்வி. நான் சொல்ல நினைத்து விட்டுப்போனது இதுதான்.

சோலாப்பூரில் மழை ஆனி முதல் புரட்டாசி வரை. அந்த நாலு மாதம் காட்டைச் சும்மா போட்டு, களையில்லாமல் பலுகு (மேல்மண்ணைச் சீவிக் களையை அறுக்கும் கருவி) ஓட்டி, தொட்டியை முழுக்க நிரப்பிக்கொள்கிறார்கள். நிரப்பிய பிறகு விதைக்கிறார்கள். பயிர் அறுப்பு வரைக்கும் சேமிப்பைத்தான் தின்கிறது. 1930-களிலேயே சோலாப்பூர், பிஜாப்பூர், ஹகரி, ராய்ச்சூர், ரோத்தக் என்று ஐந்து இடத்தில் நிலையம் வைத்து இந்த வறட்சி நிலச் சாகுபடியை ஆராய்ந்தார்கள். மால்தண்டி எம் 35-1 அந்தப் பக்கத்து மோஹோலில் தேர்ந்தெடுத்த ரகம்.

நமக்கு நேர் எதிர். தென்மேற்குப் பருவமழை நமக்கு மேகம் மட்டும்தான். வடகிழக்கு ஐப்பசியில் வருகிறது, மார்கழிக்குள் முடிந்துவிடுகிறது. தொட்டி நிரம்பும்வரை காத்திருந்து கார்த்திகைக் கடைசியில் விதைத்தால் வெயில் வந்துவிடும், பயிர் தப்பாது. ஆக நாம் பயிரை நிறுத்திக்கொண்டே தொட்டியை நிரப்ப வேண்டும். அதனால் நம் வேலை மூன்று துண்டாகப் பிரிகிறது: ஐப்பசிக்கு முன்னால் வாயைத் திறந்து வைப்பது, ஐப்பசி கார்த்திகையில் ஓடவிடாமல் பிடிப்பது, மார்கழி தையில் வீணாக்காமல் செலவழிப்பது. அவர்களுடைய ரகத்தைக் கொண்டுவந்தாலும் அவர்களுடைய நாள்காட்டியைக் கொண்டுவர முடியாது. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901-இலிருந்து இந்த மண்ணில்தான் உட்கார்ந்திருக்கிறது. கே 12 சோளத்தை இந்தக் கரிசலுக்காகவே கொடுத்திருக்கிறார்கள், ஏறக்குறைய 95 நாள். அதைப் பாருங்கள்.

கரிசல்காட்டான் | ஏப்ரல் 23, மதியம் 12.40

"சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்." ஐயா சொன்ன முதல் துண்டு இதுதான். கோடை மழை ஒன்று விழுந்ததும் சரிவுக்குக் குறுக்காக உழுங்கள். மேலும் கீழுமாக உழுதால் ஒவ்வொரு சாலும் ஓடைக்கு வாய்க்கால்.

உழுதபின் கட்டியை உடைக்காமல் விடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். அந்தக் கட்டிகளுக்கு நடுவில்தான் மழை தங்கி இறங்கும்.

ஐம்பது குதிரை | ஏப்ரல் 23, மதியம் 1.02

இதை அப்படியே என் காட்டுக்காரர்களுக்கு அனுப்புகிறேன். கோழி கிளறினது தங்கமாம்!

வைப்பாற்றங்கரை | ஜூன் 9, இரவு 8.30

வைகாசியில் ஒரு மழை, நல்ல மழை. மறுநாள் கம்பியை அழுத்தினேன்: உழாமல் கிடந்த தெற்குப் பக்கம் நாலு அங்குலம், கோடை உழவு போட்ட பக்கம் ஒன்பது. மண் திரும்பக் காய்ந்த பிறகு உளிக் கலப்பையும் போட்டாயிற்று. மூன்று ஏக்கரில் போட்டதும் வண்டியில் ஏதோ உடைந்துவிட்டது. நாலாவது ஏக்கர் அப்படியே கிடக்கிறது.

அடுத்தது பாத்தி. பகுதி பகுதியாகச் சின்ன வரப்பு கட்டி மழையை அங்கங்கே தேக்கினால் என்ன?

கரிசல்காட்டான் | ஜூன் 9, இரவு 9.00

கட்டுங்கள். எட்டுக்கு ஐந்து மீட்டர் பாத்தி, அரை அடி வரப்பு. நான் பத்து வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

முள்ளிச்செவல் | ஜூன் 9, இரவு 9.22

2023 டிசம்பரில் என்ன செய்தீர்கள் அண்ணாச்சி? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நம் பக்கமும் காடெல்லாம் கடல். வரப்பு கட்டினவன் பயிர்தான் முதலில் அழுகியது. கரிசலில் தண்ணீர் மூன்று நாள் நின்றால் சோளம் மஞ்சளாகிவிடும், உளுந்து செத்தே போகும். ஈரம் ஈரம் என்று சொல்லித் தண்ணீரில் மூழ்கடிக்காதீர்கள்.

கரிசல்காட்டான் | ஜூன் 9, இரவு 9.51

அந்த வருடம் எதைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் போயிருக்கும். அதை வைத்துப் பேசாதீர்கள்.

முள்ளிச்செவல் | ஜூன் 9, இரவு 9.58

போன பத்து வருடத்தில் என் காட்டில் தண்ணீர் நின்று கெட்டது மூன்று வருடம், காய்ந்து கெட்டது நாலு வருடம். இரண்டையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

ஏட்டுச் சுரைக்காய் | ஜூன் 10, காலை 9.15

இருவரும் சொல்வது அவரவர் காட்டில் உண்மை. கரிசல்காட்டான் காடு மேட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். தாழ்ந்த கரிசலுக்கு அகலப் பாத்தியும் சாலும் பொருந்தும். ஹைதராபாத் பக்கம் படான்செருவில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனம் கரிசலுக்கென்றே இதை முன்னெடுத்தது. நம் பக்கத்து அளவு: 120 செ.மீ. பாத்தி, 30 செ.மீ. சால், சாலின் ஆழம் 15 செ.மீ. பாத்தியில் 45 செ.மீ. இடைவெளியில் மூன்று வரிசை சோளம் உட்காரும். சால் நூறு அடிக்கு அரை அடி என்ற அளவில் மெல்லச் சரிய வேண்டும்.

சாதாரண மழையில் சாலில் நிற்கும் தண்ணீர் பக்கவாட்டில் பாத்திக்குள் ஊறும். பேய்மழையில் மிச்சம் சால்வழியாக வெளியே போகும், வேர் மூழ்காது. வெளியே போகிற வாயில் இடமிருந்தால் ஒரு பண்ணைக்குட்டை. மழை குறைவு என்று தெரிந்தால் சாலில் பத்தடிக்கு ஒரு மண் அணை வையுங்கள், பெருமழை வந்தால் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி விடுங்கள்.

முள்ளிச்செவல் | ஜூன் 10, காலை 9.40

நடுராத்திரி பேய்மழையில் மண்வெட்டியோடு போய் எத்தனை அணையை வெட்டுவதாம்? ஆனாலும் பாத்தியும் சாலும் சரி. ஒத்துக்கொள்கிறேன்.

எட்டயபுரத்து மாடு | ஜூன் 10, காலை 10.30

மயிலுக்கு என்ன வழி என்று யாராவது சொல்லுங்கள். ஈரம் நின்றாலும் நிற்காவிட்டாலும் விதையைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் போகிறது.

நெறியாளர் | ஜூன் 10, காலை 10.45

மயில், காட்டுப்பன்றிக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே நூற்றுப் பத்துப் பதிவு ஓடிவிட்டது. இங்கே ஈரம் மட்டும்.

வைப்பாற்றங்கரை | செப்டம்பர் 12, இரவு 8.00

புழுதி விதைப்பா, மழை விழுந்து விதைப்பா? மழை விழுந்த பிறகு விதைக்கலாம் என்றால் கரிசலில் கால் வைக்க நாலு நாள் ஆகிறது, அதற்குள் டிராக்டர் கிடைப்பதில்லை. புழுதியில் விதைத்தால் ஒரு தூறலுக்கு முளைத்துக் காய்ந்துவிடுமோ என்று பயம்.

கரிசல்காட்டான் | செப்டம்பர் 12, இரவு 8.35

புழுதி விதைப்புதான். முதல் மழையை விதைக்குக் கொடுக்காமல், விதைக்கப் பதம் வருமா என்று காத்துக்கிடந்தால் அந்த மழையில் பாதி ஆவியாகப் போய்விடும். நீங்கள் பயப்படுகிற விஷயத்துக்கு வழி ஆழத்தில் இருக்கிறது. விதை சரியாக 5 செ.மீ. ஆழத்தில் விழ வேண்டும், அதாவது இரண்டு அங்குலம். மேலாக விழுந்த விதை பத்து மி.மீ. தூறலுக்கே ஏமாந்து முளைத்துச் சாகும். இரண்டு அங்குலத்தில் கிடக்கும் விதைக்கு இருபது மி.மீ.க்கு மேல் நல்ல மழை இறங்கினால்தான் சேதி போகும். கையால் வீசினால் இது நடக்காது, விதைப்புக் கருவிதான். புரட்டாசி முதல் வாரத்துக்குள் முடியுங்கள். ஏக்கருக்கு ஆறு கிலோ.

ஏட்டுச் சுரைக்காய் | செப்டம்பர் 12, இரவு 9.20

விதையைக் கடினப்படுத்திவிட்டுப் போடுங்கள். பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் 2 சதக் கரைசல். கடையில் இந்தப் பெயரைச் சொன்னால் முழிப்பார்கள். 0-52-34 என்று கேளுங்கள், அதேதான். ஒரு கிலோ விதைக்கு 350 மில்லி கரைசல். உங்கள் 24 கிலோவுக்கு 8.4 லிட்டர் தண்ணீர், 168 கிராம் 0-52-34. பதினாறு மணி நேரம் ஊறட்டும். பிறகு நிழலில் பழையபடி காயவைக்க வேண்டும். வெயிலில் போடாதீர்கள், ஊறவைத்து அப்படியே ஈரமாகவும் விதைக்காதீர்கள். புழுதியில் அது உடனே செத்துவிடும். முளைப்பதற்கான வேலையைப் பாதி தொடங்கி நிறுத்தி வைத்த விதை, ஈரம் கிடைத்ததும் சட்டென்று எழும்.

கம்பு போடுகிறவர்கள் பொட்டாசியம் குளோரைடு 2 சதத்தில் அதே பதினாறு மணி நேரம்.

வைப்பாற்றங்கரை | அக்டோபர் 21, காலை 7.10

முளைத்துவிட்டது! நடுவில் இரண்டு தூறல் வந்தது, தூக்கமே இல்லை. போய்க் கிளறிப் பார்த்தால் விதை அசையாமல் கிடந்தது. போன வாரம் நல்ல மழை, ஐந்தாம் நாள் வரிசை தெரிந்தது. திருப்பத்தில் கருவியைத் தூக்கிய இடத்தில் மேலாக விழுந்த விதை மட்டும் தூறலிலேயே முளைத்துக் கருகிக் கிடந்தது.

செவக்காட்டுக்காரி | அக்டோபர் 21, காலை 8.00

சந்தோஷம் தம்பி. களையை விடாதீர்கள். உங்கள் சோளத்தை விட அது நன்றாகக் குடிக்கும்.

கரிசல்காட்டான் | நவம்பர் 14, இரவு 7.45

தம்பி, இடை உழவு போட்டாயிற்றா? மழை விட்டு மண் காலில் ஒட்டாத பதம் வந்த அன்று போட வேண்டும். இரண்டு நாள் முந்தினால் மண் அப்பும், நாலு நாள் பிந்தினால் கட்டியாகப் பெயரும். மேலே இரண்டு அங்குலம் கிளறிவிட்டால் களையும் போகும், முடி மாதிரி விடும் வெடிப்பும் மூடும். கரிசலில் ஈரம் மேலே மட்டும் போவதில்லை, வெடிப்பின் இரண்டு சுவர் வழியாகவும் போகிறது. விரல் நுழைகிற அளவுக்கு வெடித்த பிறகு எதைச் செய்தும் பயனில்லை, வேரையும் அறுத்துவிடும்.

முள்ளிச்செவல் | நவம்பர் 14, இரவு 8.20

புழுதி மூடாக்கு என்று இதையே சொல்லித்தான் அமெரிக்காவில் 1930-களில் காடெல்லாம் தூசியாகப் பறந்தது என்று படித்தேன். மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தால் நமக்கும் அதுதானே?

ஏட்டுச் சுரைக்காய் | நவம்பர் 14, இரவு 9.10

நீங்கள் படித்தது சரி. அங்கே பயிரே இல்லாத காட்டை வருடக் கணக்கில் மாவாக்கி வைத்தார்கள், பெருங்காற்று வந்தது. இங்கே வரிசைக்கு நடுவில், பயிர் நிற்கும்போது, இரண்டு முறை. காற்றுக்கு அகப்படாது. ஆனால் ஒன்று சொல்கிறேன்: இடை உழவின் லாபத்தில் பெரும்பங்கு களை போவதில்தான், புழுதி அப்புறம்தான். களையே இல்லாத, வெடிப்பும் விடாத காட்டில் சும்மா கிளறினால் இருக்கிற ஈரத்தை மேலே எடுத்துக் காயப்போடுகிறோம்.

வைப்பாற்றங்கரை | நவம்பர் 27, இரவு 10.05

பவர் வீடரில் (களையெடுக்கும் சின்ன இயந்திரம்) இரண்டு ஏக்கர் இடை உழவு முடித்தேன், நல்ல பதம். அதற்குள் தங்கை கல்யாணம். திரும்பி வந்தபோது மீதி இரண்டு ஏக்கரில் வெடிப்பு விழுந்துவிட்டது. ஆள் வைத்துக் களை மட்டும் கொத்தினேன்.

கம்பி இன்று 31 அங்குலம். உளி போடாத ஏக்கரில் 17.

கரிசல்காட்டான் | டிசம்பர் 30, காலை 6.40

கம்பியை இப்போது எடுக்காதீர்கள், மேலே காய்ந்திருப்பதால் பொய் சொல்லும். மண்வெட்டிதான். ஒன்றரை அடியில் மண் எடுத்துக் கையில் இறுக்குங்கள். உருண்டை பிடித்து, அமுக்கினால் உடையாமல் நசுங்கினால் கதிர் முற்றும்வரை தாங்கும். வாட்டம் கண்டால் ஒரு சத பொட்டாசியம் குளோரைடு கரைசல் ஒரு தெளிப்பு.

வைப்பாற்றங்கரை | ஜனவரி 17, இரவு 8.50

பொங்கலுக்கு அப்புறம் அறுத்தோம். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

உளி போட்டு, பதத்தில் இடை உழவும் போட்ட இரண்டு ஏக்கரில் ஏக்கருக்கு ஏழரை மூட்டை, நூறு கிலோ மூட்டை. உளி போட்டு, இடை உழவு தவறிய ஏக்கரில் ஆறு. இரண்டும் இல்லாத கடைசி ஏக்கரில் மூன்றரை. அகலப் பாத்தி இந்த வருடம் உதவியதா என்று என்னால் சொல்ல முடியாது. அது வெளியேற்ற வேண்டிய அளவுக்கு மழை வரவே இல்லை. கடைசிப் பாத்திகளில் சால் அடைத்துக்கொண்டு எலி வளை வைத்ததுதான் நான் பார்த்தது.

மார்கழியில் இந்த வருடமும் பதினெட்டு நாள் மழை இல்லை. இலை சுருண்டது. காலையில் போனால் விரிந்திருக்கும், பதினொரு மணிக்குச் சுருளும். போன வருடம் மக்காச்சோளம் காலையிலேயே சுருண்டு கிடந்தது. பெரியவர் வந்து ஒரு கதிரைக் கசக்கி ஊதி, மணியை வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு, "அந்தக் கடைசிக் காட்டுல ஏன் இப்படி?" என்று மட்டும் கேட்டார்.

ஐம்பது குதிரை | ஜனவரி 17, இரவு 9.05

வண்டி உடைந்த காடுதானே அது. சித்திரையில் முதல் ஆளாக உங்களுக்கு உளி மாட்டுகிறேன். அந்த ஒரு ஏக்கருக்கு வாடகை பழைய கணக்கு.

எட்டயபுரத்து மாடு | ஜனவரி 17, இரவு 9.12

தட்டை என்ன விலை? ஒரு சாண் விட்டு அறுத்தீர்களா?

வைப்பாற்றங்கரை | ஜனவரி 17, இரவு 9.30

ஒரு சாண் விட்டுத்தான். நாளை வண்டியோடு வாருங்கள், விலையை நேரில் பேசிக்கொள்ளலாம். ஒன்று, அறுத்த கட்டையில் மறுதாம்பு துளிர்த்து நிற்கிறது, மாட்டை மட்டும் காட்டுக்குள் அவிழ்த்து விட்டுவிடாதீர்கள். வாடின சோளத் துளிரைத் தின்றால் ஆபத்து.

எட்டயபுரத்து மாடு | ஜனவரி 17, இரவு 9.33

அதைப் பட்டே கற்றவன் நான். காலை ஆறு மணிக்கு வருகிறேன், கயிறு இருக்கிறதா?